ருஷ்ய மொழியில் பார்க்கலாம்

ஜூன் 12, திங்கள்

மோட்டார் மறுபடியும் மக்கர். பிளம்பர் "வந்துட்டே இருக்கேன்மா" என்று காலையிலிருந்து வந்துகொண்டே இருக்கிறான். இவர் பக்கத்து பிளாக்கிலிருந்து இரண்டு குடம் தூக்கி வந்து, முதுகு பிடித்துக்கொண்டது என்று படுத்துவிட்டார். ரயில்வேயில் காலமெல்லாம் உட்கார்ந்தே வேலை பார்த்த முதுகு.

நடுவில் ஏஜென்டிடமிருந்து போன். கிர்கிஸ்தானிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம், நம் பிள்ளைகளை அங்கே டாக்டருக்குப் படிக்கச் சேர்க்க. மூன்று நாள் ருஷ்ய மொழியில் துபாஷி வேலை. "கூடவே ஒரு கல்சர் அம்மாவும் வராங்க மேடம். அவங்களை இங்க நம்ம அரசாங்கத்துல கலைத் துறைப் பெரியவங்ககிட்ட ஒரு தடவை காட்டிடணும். அதையும் பாத்துக்குங்க" என்றான். கல்சர் அம்மாவாம்! தாளிக்கும்போது நாலு கறிவேப்பிலை போடுகிற மாதிரி அந்த அம்மாவையும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

மருந்து டப்பாவில் "குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்கவும்" என்று ருஷ்ய மொழியில் எழுதியே என் காலம் போய்விட்டது. ஒரு மனுஷியோடு அந்த மொழியில் பேசி எத்தனை நாள் ஆயிற்று! சாயங்காலம் சமைத்துக்கொண்டே தனியாகப் பேசிப் பார்த்தேன். இவர் எட்டிப் பார்த்து, "குக்கரை என்ன திட்டறே?" என்றார்.

ஜூன் 13, செவ்வாய்

கல்சர் அம்மாவின் பெயர் பெர்மெத். முத்து என்று அர்த்தமாம். நாற்பத்தைந்து வயதிருக்கும். மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். அங்கே அரசாங்கத்தின் பண்பாட்டு மன்றத்தை நடத்துகிறாள். ஒரு கூடம், ஒரு மேடை, ஒரு பாட்டுக் குழு. அவ்வளவுதான் மன்றம்.

மங்கையர்க்கரசி என்ற என் பெயரைச் சொல்ல முயன்று, மங்கைக்கு இறங்கி, கடைசியில் "மாங்கா"வில் வந்து நின்றாள். டிரைவர் ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துச் சிரித்தார். இங்கே மாங்கா என்றால் மடச்சி என்று சொன்னதும் அவளுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்போ எஜேன்னு கூப்பிடறேன். எங்க பாஷையில அக்கா" என்றாள். மத்தியானம் மெதுவடையைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க ஊர் போர்சோக்குக்கு நடுவுல ஓட்டை போட்டது யாரு எஜே?" என்று கேட்டாள். எண்ணெயில் பொரித்த மாவு அவர்களுக்கும் இருக்கிறதாம்.

எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. எழுதித்தான் வைக்கிறேனே.

ஜூன் 14, புதன்

இன்று துறையில் சந்திப்பு. உள்ளே கூப்பிடும்வரை வராந்தாவில் துணை இயக்குநர் பாலகுரு சார் பேசிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர், வெற்றிலை போடுவதை மட்டும் மறைக்கத் தெரியாது. இந்த மாதிரி வெளிநாட்டு விவகாரமெல்லாம் எப்படி நடக்கும் என்று சொன்னார். முதலில் மரியாதைச் சந்திப்பு, அப்புறம் கடிதம், அப்புறம் புரிந்துணர்வு ஒப்பந்தம், அப்புறம்தான் ஆட்டம் பாட்டு. விமானச் செலவு குழுவை அனுப்புகிறவர்களுடையது, தங்குவதும் சாப்பாடும் அழைக்கிறவர்களுடையது. வெளிநாட்டோடு எது செய்தாலும் டெல்லி தலையாட்ட வேண்டும். "இது மட்டும் நடந்துச்சுன்னா, நம்ம குழு அங்க போறப்போ மொழி தெரிஞ்சவங்கன்னு நீங்கதான் மேடம் கூடப் போவீங்க. வேற யாரு இருக்கா?" என்றார். சும்மா பேச்சுக்குச் சொன்னார். நான் ஒன்றும் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

செயலர் மேடத்தின் அறையில் பெர்மெத் சுற்றி வளைக்காமல் கேட்டாள். "ஜனவரியில உங்க பொங்கல் விழாவுக்கு எங்க குழுவை அழையுங்க. கோடையில உங்க ஆட்டக்காரங்களை நாங்க அழைக்கறோம். வருஷா வருஷம் இப்படியே நடக்கட்டும்."

மேடம் அழகாகச் சிரித்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சாய்த்து, "ரொம்ப சந்தோஷம். பார்க்கலாம்" என்றார்.

"பார்க்கலாம்" என்பதற்கு ருஷ்ய மொழியில் நேரான சொல் கிடையாது. இடம் பொருள் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நான் "ஸ்தேலயெம்" என்றேன். செய்வோம் என்று அர்த்தம். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், பெரிய தப்பில்லை.

பெர்மெத் எழுந்து போய் மேடத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். மேடத்துக்கு ஒரே ஆச்சரியம், "அட, இவ்ளோ பாசமா இருக்காங்களே!" என்றார். பொன்னாடை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள், தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை ஒன்றைக் கொடுத்தார்கள். காரில் வரும்போது பெர்மெத் அதை மடியில் வைத்துத் தட்டித் தட்டி விட்டாள். "பாருங்க எஜே, ஓயாம சரி சரிங்குது" என்றாள்.

ஜூன் 15, வியாழன்

விமான நிலையத்தில் பெர்மெத் என்னைக் கட்டிக்கொண்டு, "அந்த மேடம் கடைசியா ஒரு வார்த்தை சொன்னாங்களே, கேக்கவே மெத்துன்னு இருந்தது. அது என்ன?" என்று கேட்டாள்.

"பார்க்கலாம்."

"செய்வோம்னு அர்த்தம், இல்லையா?"

ஆமாம் என்றேன். உள்ளே போகும்வரை அதையே முணுமுணுத்துக்கொண்டு போனாள். பாக்கலம், பார்கலாம், பார்க்கலாம். திரும்பிப் பார்த்துக் கையைக் கூட ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்தால் பிளம்பர் இன்னும் வந்துகொண்டிருக்கிறான்.

ஜூன் 20, செவ்வாய்

பீரோவில் வேறு எதையோ தேடும்போது பாஸ்போர்ட் கையில் பட்டது. ஒரு முத்திரைகூட விழாமலே காலாவதி ஆகியிருக்கிறது, பாவம்.

ஜூலை 3, திங்கள்

பெர்மெத்திடமிருந்து நீளமாக ஒரு குரல் செய்தி. அவர்கள் மாவட்டத் தலைவர் அந்தக் கூடத்தைக் கல்யாண மண்டபமாக மாற்ற முடிவு செய்திருந்தாராம். இந்தியாவிலிருந்து ஒரு அரசாங்கமே அழைத்திருக்கிறது என்று இவள் போய்ச் சொன்னதும், அக்டோபர் கூட்டம் வரைக்கும் பேச்சை ஒத்திவைத்துவிட்டாராம். "அந்த ஒரு வார்த்தையால எங்க மன்றம் நின்னுச்சு எஜே. அக்டோபருக்குள்ள கையில அழைப்பு இருந்தா கூடம் எங்களுது. இல்லேன்னா பூட்டுதான். குழுவில இருக்கிற எல்லாருக்கும் வேலை போயிடும், எனக்கும்தான்" என்றாள். துருக்கியில் ஒரு விழாவுக்கும் கூப்பிட்டார்களாம். ஜனவரியில் தேதி இடிக்கும் என்று வர முடியாது என்று சொல்லிவிட்டாளாம்.

இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா! எனக்கு எப்படித் தெரியும், அங்கே இப்படி ஒரு பூட்டு தொங்குகிறது என்று?

சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். இவர் வாயைத் திறக்காமல் மோர் ஊற்றிக்கொண்டார்.

ஜூலை 10, திங்கள்

பாலகுரு சாரைப் போய்ப் பார்த்தேன்.

"எந்தக் கிர்கிஸ்தான்?" என்றார். அப்புறம் ஞாபகம் வந்தது. "ஓ, அந்த அம்மாவா! அதுக்குக் கோப்பே போடலியே மேடம். மேடம் 'பார்க்கலாம்'னுதானே சொன்னாங்க?"

"ஆமா சார், அதான்..."

"அதான்னா? நம்ம ஊருல அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்று சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை, ரெண்டு பேருக்கும் தெரிந்த சங்கதி என்கிற மாதிரிச் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்த மாதிரி இருந்தது. நிஜமாகப் பார்த்தாரா என்று தெரியாது.

அவர்கள் பக்கமிருந்து முறையாகக் கடிதம் வந்தால் முறையாகப் பதில் போடுவதாகச் சொன்னார். அதுவரைக்கும் நல்லது.

ஜூலை 21, வெள்ளி

பதில் வந்துவிட்டது. பெர்மெத் அனுப்பிய கடிதம் கிடைத்ததாகவும், அது குறித்து "ஆவன செய்யப்படும்" என்றும் இரண்டு வரி. அசோகச் சிங்கம், முத்திரை, பாலகுரு சாரின் கையெழுத்து. முனையில் வெற்றிலைக் கறை.

இதை ருஷ்ய மொழியில் பெயர்க்க அரை மணி நேரம் உட்கார்ந்தேன். ஆவன என்றால் ஆக வேண்டியவை. தேவையானவை அனைத்தும் செய்யப்படும். சொல்லுக்குச் சொல் அப்படியே போட்டேன். ஒரு எழுத்து கூட்டவில்லை, ஒரு எழுத்து குறைக்கவில்லை. இந்தத் தடவை யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. எந்த வாத்தியார் திருத்தினாலும் முழு மதிப்பெண்.

சாயங்காலமே பெர்மெத் போட்டோ அனுப்பினாள். நான் போனில் அனுப்பிய கடிதத்தை அச்செடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தின் வாசலில் மாட்டியிருக்கிறாள். மாவட்டத் தலைவர் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாராம்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில், அதனால் இருக்கும்.

ஜூலை 27, வியாழன்

பாஸ்போர்ட் புதுப்பித்து வந்துவிட்டது. தி. நகரில் ஒரு ஸ்வெட்டர் பார்த்தேன். சென்னையில் எதற்கு ஸ்வெட்டர் என்று கடைக்காரப் பெண்ணே கேட்டாள். மார்கழிக்கு என்றேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் பார்த்துத் தமிழ்ப் பாடம் நடக்கிறது. மேடையில் ஏறியதும் நம் ஜனங்களுக்கு நாலு வார்த்தை தமிழில் சொல்ல வேண்டும் என்று பெர்மெத்துக்கு ஆசை. வணக்கம் சொல்லிக்கொடுத்தேன், நன்றி சொல்லிக்கொடுத்தேன். குழுவே உட்கார்ந்திருக்கிறது. வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்ட தாத்தா ஒருத்தர் "வணக்கம்" என்று சொல்லிவிட்டுத் தானே கைதட்டிக்கொள்கிறார். "பார்க்கலாம்" எல்லாருக்கும் நன்றாக வருகிறது. ரகரத்தை மட்டும் உருட்டிவிடுகிறார்கள், அது அங்கே தேவையில்லை, மெதுவாக வேண்டும் என்று ஐந்து தடவை சொல்லிக் காட்டினேன்.

பாடம் முடிந்ததும் அப்பா ஞாபகம். மாஸ்கோவில் படிக்க எனக்கு இடம் கிடைத்த வருஷம். அந்தத் தாளை அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டு முழுசாகப் படித்தார். மடித்துத் திருப்பித் தந்தார். "பார்க்கலாம்மா" என்றார். ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார். நான் அதற்கப்புறம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? தமிழ் வீட்டில் வளர்ந்தவளுக்கு அதற்கு யாரும் அகராதி எடுத்துக் காட்ட வேண்டாம்.

எதற்கு இதை இப்போது எழுதினேன் என்று தெரியவில்லை. நாளைக்கு இட்லி அரிசி வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 23, புதன்

செயலர் மேடத்தை வேறு துறைக்கு மாற்றிவிட்டார்கள். பேப்பரில் பார்த்தேன். பாலகுரு சாருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். "மீட்டிங்ல இருக்கேன் மேடம், கூப்பிடறேன்" என்றார். கூப்பிட மாட்டார். நானாக இருந்தாலும் கூப்பிட மாட்டேன்.

பெர்மெத்திடம் சொல்லவில்லை. புதுச் செயலர் வரட்டும், அவர் எப்படியோ.

செப்டம்பர் 1, வெள்ளி

நேற்று அவர்கள் நாட்டுச் சுதந்திர தினம். ஊர்த் திடலில் பெர்மெத்தின் குழு பாடியதை வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். காலையில் காபியோடு உட்கார்ந்து திறந்தேன்.

பின்னால் பெரிய துணி. அதில் தமிழில், பாடத்தில் எழுதிக் காட்டிய என் கையெழுத்தைப் பார்த்து வரைந்த மாதிரியே, "பார்க்கலாம்". அவர்கள் இங்கே கொண்டுவரப்போகும் நிகழ்ச்சிக்குப் பெயரே அதுதானாம். தாத்தா மூன்று நரம்புக் கோமுஸை மீட்ட, எல்லாரும் அவர்கள் பாஷையில் ஏதோ மலை, ஆறு, விருந்தாளி என்று பாடி, ஒவ்வொரு அடியின் முடிவிலும் நெஞ்சில் கை வைத்து, "பார்க்கலாம், பார்க்கலாம்" என்கிறார்கள். திடல் முழுக்க ஜனங்கள் திருப்பிச் சொல்கிறார்கள். கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிற பெண்கள் சொல்கிறார்கள். மாவட்டத் தலைவரும் சொல்கிறார். ரகரம் உருளவே இல்லை.

கடவுளே. காபி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இவர் வந்து, "யாரு பாடறா, நல்லாயிருக்கே?" என்றார்.

செப்டம்பர் 4, திங்கள்

எப்படியாவது அந்தப் பாட்டைக் காட்டி மனதை இளக்கலாம் என்று துறைக்குப் போனேன். ஒரு ஊரே நம் வார்த்தையைப் பாடுகிறது, கொஞ்சம் பாருங்கள் என்று சொல்லலாம் என்று. வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

பாலகுரு சார் போனை வாங்கிப் பார்த்தார். முதல் "பார்க்கலாம்" வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். மூன்றாவதில் அவரால் அடக்க முடியவில்லை. "ஐயோ மேடம்! நம்ம துறைக்குக் கீதமே போட்டுட்டாங்களே!" என்றார். பக்கத்து மேசை, எதிர் மேசை, டைப் அடிக்கிற பெண், எல்லாரும் கூடிவிட்டார்கள். இன்னொரு தடவை போடு, சத்தம் கூட்டு. கோப்பு கேட்டு வருகிறவர்களுக்கு இதைப் போட்டுக் காட்டிவிடலாம் என்றார் ஒருத்தர். தாத்தா நெஞ்சில் கை வைத்ததும் ஒரே வெடிச்சிரிப்பு.

நானும் சிரித்தேன்.

எழுதத்தான் வேண்டும். யாரும் என்னைச் சிரிக்கச் சொல்லவில்லை. எல்லாரும் சிரிக்கும்போது நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் ஏன் என்று கேட்பார்களோ என்று சிரித்தேன். "பாவம், அர்த்தம் தெரியாது" என்று நானே வேறு சொன்னேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கவில்லை, நல்லவேளை. நல்லவேளையாம்! த்தூ, இதுவும் ஒரு பிழைப்பா?

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாலகுரு சார் சொன்னார்: "விளையாட்டு வேற மேடம். புதுச் செயலருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. டெல்லிக்கு எழுதவே இல்லை. இந்தப் பொங்கலுக்கு வாய்ப்பே இல்லை. அவங்ககிட்ட பக்குவமா சொல்லிடுங்க. நீங்கதானே பேசறீங்க."

செப்டம்பர் 5, செவ்வாய்

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மாதமாக நான் எதையோ மென்று முழுங்குகிறேன் என்று தெரியுமாம். கேட்டால் கடிப்பேன் என்று கேட்கவில்லையாம்.

"அந்தம்மா பார்க்கலாம்னு சொன்னப்போ உனக்குப் புரிஞ்சுதில்ல?"

"புரிஞ்சுது."

"அப்புறம் ஏன் செய்வோம்னு சொன்னே?"

"அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாத்தேங்க. அவ்ளோ தூரத்துலேருந்து வந்து, ஒரு நம்பிக்கையோட... இல்லேன்னு என் வாயால சொல்ல மனசு வரலை."

அவர் ஸ்வெட்டர் பை இருந்த பக்கம் பார்த்துவிட்டு, "அவளுக்காகச் சொன்னியா மங்கை, உனக்காகவா?" என்று கேட்டார்.

பால் பொங்குகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பாலே இல்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

தலைவலி என்று பாடத்தை ரத்து செய்தேன்.

செப்டம்பர் 13, புதன்

பெர்மெத் விசாவுக்கு எந்தத் தேதி போட வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். "கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுதினேன். அரசாங்கத்தில் யாரும் எனக்குச் சம்பளம் தருவதில்லை, வேலையை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டேன்.

செப்டம்பர் 18, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை எல்லாம் வாய் பிளந்துவிட்டது. இவர் பரவாயில்லை, உள்ளே இருப்பது தெரிகிறது என்றார். எதை வைத்துச் சொன்னாரோ.

ஜூன் மாதப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். "பார்க்கலாம் என்பதற்கு ருஷ்ய மொழியில் நேரான சொல் கிடையாது" என்று எழுதியிருக்கிறேன். யாரும் பார்க்காத டைரியில், எனக்கு நானே பொய்! சொல் இருக்கிறது. "பஸ்மோத்ரிம்." பார்க்கலாம் என்றுதான் அர்த்தம். நாம் சொல்கிற அதே இடத்தில், அதே தொனியில், அதே இல்லையைச் சொல்ல அவர்களும் சொல்வார்கள். இங்கே ருஷ்ய மொழி கற்ற முதல் வருஷ வகுப்பில் லீவு கேட்டுப் போனால் கலீனா டீச்சர் அதைத்தான் சொல்வார், நாங்கள் லீவு இல்லை என்று புரிந்துகொண்டு திரும்புவோம். எல்லா மொழியிலும் தேடினாலும் இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் கிடைக்காது. அன்றைக்கு அது என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொன்னேன். வராந்தாவில் பாலகுரு சார் சொன்னது அப்போது காதில் ஓடிக்கொண்டிருந்தது. பனியில் நான் நடப்பது மாதிரிகூட நினைத்துப் பார்த்தேன்.

பெர்மெத்துக்காகவும் சொன்னேன். அதுவும் பொய் இல்லை. ஆனால் இவர் கேட்டதற்கு எது பதில் என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 24, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பெர்மெத் தனியாக இருக்கிறாளா என்று கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தேன். அலுவலக மேசையில் இருந்தாள். பக்கத்தில் தலையாட்டி பொம்மை. அழைப்பு வராது என்றேன். கடிதத்தில் இருப்பது இங்கே எல்லாருக்கும் போடுகிற வரி என்றேன். செயலர் அன்றைக்குச் சரி என்று சொல்லவே இல்லை, நான்தான் மாற்றிச் சொன்னேன் என்றேன். இலக்கணமெல்லாம் தப்பு, வேற்றுமை உருபு எல்லாம் தாறுமாறு.

அவள் கேட்டாள். "அப்போ பார்க்கலாம்னா என்ன?"

"பஸ்மோத்ரிம்."

அவள் முகம் சுருங்கியது. அழுவாள் என்று நினைத்தேன். சிரிப்பா அது, தெரியவில்லை.

"பஸ்மோத்ரிமா? எங்க மாவட்டத் தலைவர் தினமும் சொல்ற வார்த்தை. கலைஞர்களுக்கு எல்லா ஊர்லயும் அதைத்தான் சொல்றாங்க. எனக்கு அது பழக்கம் எஜே. நீங்க அதையே சொல்லியிருந்தா ஒரு டீயைக் குடிச்சிட்டு எழுந்திருப்பேன். துருக்கிக்குப் போயிருப்பேன். உங்ககிட்ட கோபமே வந்திருக்காது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஊரு முழுக்க அதைப் பாட வெச்சுட்டேனே. அந்தப் பெரியவர் தூக்கத்துல கூடப் பாடறார்னு அவர் பெண்டாட்டி சொன்னா. அவருக்கு நான் என்ன சொல்றது?"

உங்கள் பாட்டைப் பார்த்து இங்கே சிரித்தார்கள், நானும் சிரித்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் என் பாரம் இறங்கும், அவள் தலையில் ஏறும்.

அப்புறம் என் வாய் சும்மா இருந்ததா? "நான் அங்க வரேன் பெர்மெத். என் சொந்தச் செலவுல வரேன். கூட்டத்துக்கு முன்னாடி உங்க தலைவர்கிட்ட நேர்ல நின்னு, தப்பு என்னுது, இந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்லேன்னு சொல்றேன். அந்தப் பெரியவர் கால்லயும் விழறேன். வரட்டுமா?" என்றேன்.

மனதாரத்தான் சொன்னேன். ஆனால் சொல்லும்போதே உள்ளே ஒருத்தி ஸ்வெட்டரை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். அந்த வெட்கங்கெட்டவளை நான் என்ன செய்வேன்?

பெர்மெத் என்னையே பார்த்தாள். அவளுக்கும் அந்த ஸ்வெட்டர்க்காரி தெரிந்திருப்பாள் என்று நினைக்கிறேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டாள். வைப்பதற்கு முன் அவள் கை பட்டு பொம்மை ஆட ஆரம்பித்தது. அதைப் பிடித்து நிறுத்தினாள்.

செப்டம்பர் 27, புதன்

பதில் இல்லை. மோட்டார் சரியாகிவிட்டது. தொட்டி நிரம்பி வழிந்தது, எனக்குக் காதில் விழவே இல்லை. கீழ் வீட்டம்மா வந்து கத்திவிட்டுப் போனார். கத்தட்டும்.

அக்டோபர் 3, செவ்வாய்

இன்று அங்கே கூட்டம். பாலகுரு சாரிடம் போய் நின்று, தப்பு என்னுடையது என்று நடந்ததைச் சொன்னேன். அன்றைக்குச் சிரித்தவர் இன்று சிரிக்கவில்லை. அழைப்பு தர முடியாது, ஆனால் மன்றத்தை மூடாதீர்கள் என்று கேட்டு ஒரு கடிதமாவது எழுத முடியுமா என்று கேட்டேன். இன்னொரு நாட்டு உள்விவகாரத்தில் அப்படியெல்லாம் எழுதக் கூடாது மேடம் என்றார். அவர் சொல்வதும் சரிதான். டீ வாங்கிக் கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

அக்டோபர் 6, வெள்ளி

பெர்மெத் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். கூடத்தின் வாசல். கடிதம் மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது. கதவில் கல்யாண மண்டபத்தின் புதுப் பலகை. கீழே ஒரு வரி எழுதவில்லை.

"எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும். வரட்டுமா?" என்று மறுபடியும் எழுதினேன். ஸ்வெட்டரை நேற்றே வாட்ச்மேன் மனைவிக்குக் கொடுத்துவிட்டேன், இந்தத் தடவை நிஜமாகவே அவளைப் பார்க்கத்தான் கேட்டேன். அது அவளுக்கு எப்படித் தெரியும்?

அக்டோபர் 8, ஞாயிறு

பாட வேளையில் போன் ஒலித்தது. குரல் செய்தி. நீளம் ஒரு நொடிகூட இல்லை. எஜே என்று கூப்பிடவில்லை. பின்னால் கோமுஸ் சத்தம் இல்லை, யாரும் சிரிக்கவில்லை.

"பார்க்கலாம்."

ரகரம் உருளவில்லை. உச்சரிப்பு அவ்வளவு சுத்தம். ஆகஸ்ட் முழுக்க உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவள் நான்தானே. இந்தத் தடவை அர்த்தத்தையும் சரியாகச் சொல்லிவிட்டாள்.